பின்கதவின் ஆறெழுத்து

சுவடியிலும் கல்வெட்டிலும் பழகியவர்க்கு எழுத்துத் தேய்வது புதுச் செய்தியன்று. கரையான் தின்ற ஓலையும், மழையில் கரைந்த கல்லும், கைபட்டுத் தேய்ந்த செப்பேடும் நமக்கு நாளும் எதிர்ப்படுவன. இம்மலருக்குக் கட்டுரை வேண்டிய மலர்க்குழுவினர் ‘எழுத்து’ என்னும் பொருளில் எதனையும் எழுதலாம் என்று உரிமை தந்தனர். அவ்வுரிமையைச் சற்று மிகுதியாகவே எடுத்துக்கொண்டு, அமெரிக்க நாட்டுச் சாலைகளில் ஓடிய ஒரு சிறு சரக்கு வண்டியின் பின்கதவில் இருந்த ஆறு எழுத்துகளின் வரலாற்றை எழுதப் புகுகின்றேன். அவ்வெழுத்துகள் உதிர்ந்தபின் அவற்றை முன்போல் மீட்டு ஒட்டுவதற்கு அந்நாட்டினர் படும் பாடு, பதிப்புத்துறையில் உழல்பவளாகிய எனக்கு மிகவும் பழகிய பாடாகத் தோன்றியதே காரணம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். முன்னே இருவரோ மூவரோ அமரும் ஓட்டுநர் அறை. அதன் பின்னே மேற்கூரையில்லாத சரக்குத் தொட்டி. தொட்டியின் கடைக்கோடியில் கீழே மடங்கி இறங்கும் ஒரு கதவு. இதுவே ‘பிக்கப்’ எனப்படுவது. அமெரிக்க உழவர்களும் சிறுகடைக்காரர்களும் மகிழுந்து ஒன்றை வாங்கி, அதன் பின்பகுதியை நீக்கி, மரப்பெட்டி செய்து தாமே பொருத்திக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. 1925ஆம் ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் தன் ‘மாடல் டி’ வண்டியில் எஃகுத் தொட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி 281 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கியது. முதலாண்டில் ஏறத்தாழ 34,000 வண்டிகள் விற்றன. உழைப்பாளியின் வண்டி என்னும் பெயர் அன்றே அதற்கு நிலைத்துவிட்டது.

பின்கதவு ஒரு தட்டையான தகடு. தட்டைத் தகடு எளிதில் நெளியும். அதில் மேடுபள்ளமாக ஏதேனும் ஓர் உருவை அழுத்தி எடுத்தால் விறைப்புப் பெறும். எப்படியும் அழுத்தவேண்டும் என்றால் நிறுவனத்தின் பெயரையே அழுத்திவிடலாம் அன்றோ? ஃபோர்டும் செவ்ரலேயும் டாட்ஜும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தம் பெயரை ஒரு முனைமுதல் மறுமுனைவரை நீளும் பேரெழுத்துகளாகப் பின்கதவில் பதித்தன. முன்புறத்தில் ஒரு சிறு சின்னம், பின்புறத்திலோ முழுப்பெயர். எதிரே வருபவன் நொடியில் கடந்துவிடுவான். பின்தொடர்பவனுக்குத்தான் படிக்க நேரம் உண்டு. நம் சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி முன்னே நிற்கும். இவ்வண்டிகளுக்கு அது பின்னே நிற்கிறது, அவ்வளவே வேறுபாடு.

நான் எடுத்துக்கொண்ட ஆறெழுத்து ‘டட்சன்’ என்பது. ஆங்கில நெடுங்கணக்கில் டி, ஏ, டி, எஸ், யூ, என் என ஆறாக நிற்கும். இப்பெயர் வந்த வழி கவிஞர்க்குச் சுவை தரும்.

ஹாஷிமோட்டோ மசுஜிரோ என்பார் 1911இல் டோக்கியோவில் ‘க்வாய்ஷின்ஷா’ என்னும் ஊர்தி நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்குப் பொருளுதவி செய்தோர் மூவர்: டென், அயோயாமா, டாக்கேயுச்சி. மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து 1914இல் வெளிவந்த வண்டிக்கு ‘டட்’ எனப் பெயரிட்டனர். நன்றிக்கடன் மூன்றெழுத்தில் முடிந்தது. வெருண்டோடும் முயலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் ஓசையும் அதில் கலந்திருந்தது. ஊர்திக்குப் பொருந்தும் சிலேடைதான். 1931இல் அந்நிறுவனத்தின் வழிவந்தோர் ஒரு சிறிய வண்டியைச் செய்தபோது, அது ‘டட்’டின் மகன் என்னும் கருத்தில், மகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இறுதியில் சேர்த்து ‘டட்சொன்’ என்றனர். அப்போது ஓர் இடர் எழுந்தது. ‘சொன்’ என்னும் ஓசை ஜப்பானிய மொழியில் இழப்பைக் குறிக்கும். வணிகப் பொருளின் பெயரிலேயே நட்டம் இருப்பதை எவர் பொறுப்பார்? ஓ என்னும் எழுத்தை நீக்கி யூ என்னும் எழுத்தை வைத்தனர். மகன் மறைந்து, அந்நாட்டுக் கொடியில் உள்ள கதிரவன் அவ்விடத்தில் வந்தான். ஓரெழுத்து மாற்றத்தால் இழப்பு ஞாயிறாயிற்று. நச்செழுத்து, அமுத எழுத்து என்று பாட்டியல் நூல்கள் மங்கலப் பொருத்தம் பார்ப்பதை மூடநம்பிக்கை எனச் சிரிப்போர் நம்மிடையே உளர். இயந்திரம் செய்வோரும் அதனைப் பார்த்தனர் என்பது நினைக்கத்தக்கது.

அந்த நிறுவனத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட பெருநிறுவனத்தின் பெயரோ வேறு. ‘நிஹோன் சங்க்யோ’, அதாவது ஜப்பானியத் தொழில் என்னும் நீண்ட பெயரைப் பங்குச் சந்தையில் சுருக்கி வழங்கியதால் எழுந்தது ‘நிசான்’. 1934 முதல் ஊர்தி நிறுவனத்தின் பெயரும் அதுவே. நிறுவனம் நிசான், வண்டி டட்சன் என்னும் இரட்டை வழக்கு இவ்வாறு தோன்றிப் பல பத்தாண்டுகள் நீடித்தது. இரு பெயரும் ஆங்கிலத்தில் ஆறெழுத்தே என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

அமெரிக்காவிற்கு டட்சன் சரக்கு வண்டிகள் 1950களின் இறுதியில் சென்றன. 1960இல் கலிபோர்னியாவில் நிசானின் அமெரிக்கக் கிளை நிறுவப்பெற்றது. அதனை வளர்த்தவர் கட்டயாமா யுட்டாக்கா. 105 வயதுவரை வாழ்ந்து 2015இல் மறைந்தவர். அமெரிக்கரின் பெருவண்டிகளுக்கு நடுவில் இச்சிறு வண்டி முதலில் பொம்மைபோல் தோன்றியிருக்கக்கூடும். ஆயினும் தோட்டவேலை செய்வோர், மீன் விற்போர், குழாய் பழுது பார்ப்போர் எனச் சிறுதொழிலாளர் அதனை விரும்பினர். குறைந்த எரிபொருளில் ஓடியது, எளிதில் பழுதாகவில்லை. 1965இல் 520 என்னும் வகையும், 1968இல் 521 என்னும் வகையும், 1972இல் 620 என்னும் வகையும் வந்தன. இவற்றுள் பிந்தியதாகிய 620 வண்டியின் பின்கதவில் அழுத்தி எடுத்த அந்த ஆறெழுத்தே இன்று பழவண்டி விரும்பிகள் பெரிதும் போற்றும் எழுத்து.

இவ்விடத்தில் ஒரு வரியைப் பற்றிச் சொல்லாமல் செல்ல இயலாது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிகள் மலிவாக வந்து குவிந்ததைத் தடுக்க மேற்கு ஐரோப்பிய நாடுகள் வரி விதித்தன. அதற்குப் பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு சரக்கு வண்டி ஆகிய நான்கின்மீது 25 விழுக்காடு வரி விதித்தார். ஐரோப்பியக் கோழிக்காக விதித்த வரி ஜப்பானிய வண்டியின் தலையில் விழுந்தது. மற்ற மூன்றின்மீதான வரி பின்னாளில் நீங்கிற்று. வண்டி வரி மட்டும் பல பத்தாண்டுகள் நின்றது. மக்கள் இதனைக் ‘கோழி வரி’ என்றே வழங்கினர்.

முழுவண்டிக்குத்தான் 25 விழுக்காடு. தொட்டி இல்லாத அடிச்சட்டத்திற்கு 4 விழுக்காடே. ஆகவே ஓட்டுநர் அறையும் அடிச்சட்டமும் ஒன்றாக, தொட்டி வேறாகக் கப்பலில் வந்திறங்கிய ஜப்பானிய வண்டிகள் பல. கரையில் அவற்றை ஒன்றாகப் பொருத்தினர். டொயோட்டா நிறுவனம் தன் வண்டிக்குரிய தொட்டிகளை 1970களின் தொடக்கம் முதலே கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் செய்வித்தது. 1980இல் சுங்கத்துறை இவ்வகை அடிச்சட்டங்களையும் முழுவண்டியாகவே கொள்ள முற்பட்டபின் இவ்வழி அடைபட்டது. உடலொரு வழியாகவும் பெயரொரு வழியாகவும் கடல் கடந்து, அயல்துறைமுகத்தில் ஒன்றுகூடிய காலம் அது. இதனைப் பாடுபொருளாக்கக் கவிஞர் எவரேனும் முன்வரின் மகிழ்வேன்.

இன்னொரு வேடிக்கையும் அக்காலத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க நிறுவனங்கள் சிறுவண்டி செய்யாமையால், ஜப்பானியர் செய்த வண்டியை வாங்கித் தம் பெயரைச் சூட்டி விற்றன. 1972இல் வெளிவந்த ‘ஃபோர்டு கூரியர்’ மஸ்டா செய்தது. ‘செவ்ரலே லவ்’ இசுசு செய்தது. பெயர் அமெரிக்கப் பெயர், வண்டி ஜப்பானிய வண்டி. பின்கதவைப் படித்தவர் அதை உள்நாட்டு வண்டி என்றே எண்ணிச் சென்றனர். டட்சன் அவ்வாறு மறைந்து ஓடவில்லை. தன் பெயரைத் தானே சுமந்து ஓடியது.

அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1979ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் டெட்ராய்ட் நகரில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன; இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். அயல்நாட்டு வண்டிகளைத் தம் வளாகத்தில் நிறுத்தாமல் டோக்கியோவில் கொண்டுபோய் நிறுத்துமாறு ஊர்தித் தொழிலாளர் சங்கத் தலைமையகத்தில் அறிவிப்புப் பலகை நின்றது. ஜப்பானிய வண்டியைச் சம்மட்டியால் உடைப்பது கூட்டங்களில் வேடிக்கையாயிற்று. 1981 மே மாதத்தில் ஜப்பான் தன் மகிழுந்து ஏற்றுமதியை ஆண்டிற்கு 16,80,000 என்று கட்டுப்படுத்திக்கொள்ள ஒப்பியது. வெறுப்பு அதனால் தணியவில்லை. 1982 ஜூன் 19ஆம் நாள் இரவு, டெட்ராய்ட்டை அடுத்த ஹைலண்ட் பார்க்கில், வின்சென்ட் சின் என்னும் 27 வயது இளைஞர் கைப்பந்தாட்ட மட்டையால் அடிக்கப்பட்டார். நான்கு நாள் கழித்து இறந்தார். அவர் சீன மரபினர். திருமணத்திற்குச் சில நாள்களே இருந்தன. அடித்தவருள் ஒருவர் ஊர்தித் தொழிற்சாலை மேற்பார்வையாளர்; மற்றவர் வேலையிழந்தவர். அடுத்த ஆண்டு அவர்களுக்கு விதிக்கப்பட்டது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் தண்டமும். சிறை இல்லை. ஃபோர்டின் நகரும் இணைப்பு வரிசை 1913இல் தோன்றிய ஊரும் அதே ஹைலண்ட் பார்க்தான்.

மேலே கைப்பந்தாட்ட மட்டை என்று எழுதியது பேஸ்பால் ஆட்டத்தின் மட்டையை. அச்சொல்லுக்கு நம்மிடம் நிலைபெற்ற தமிழ் இல்லை. ஜப்பானியப் பெயர் எழுதிய பின்கதவோடு டெட்ராய்ட் தெருவில் வண்டி ஓட்டுவது அன்று எத்தகைய செயலாக இருந்தது என்பதை உணர்த்தவே இதனை எடுத்துரைத்தேன். பெயர் ஓர் அணி மட்டுமன்று. சில காலங்களில் அது ஒரு குறியிலக்கு.

இதே காலத்தில்தான் அந்த ஆறெழுத்தும் மாறிற்று. உலகெங்கும் ஒரே பெயர் வேண்டும் எனக் கருதிய நிசான் நிறுவனம், அமெரிக்காவில் டட்சன் என்னும் பெயர் நீங்கும் என்று 1981 இலையுதிர் காலத்தில் அறிவித்தது. இருபதாண்டுக்கு மேலாக மக்கள் நாவில் பழகிய பெயர் அது. வாங்குவோர் குழம்பாதிருக்க ‘நிசான் வழங்கும் டட்சன்’ என்னும் பொருள்பட இரு பெயரும் சேர்ந்து நின்ற இடைக்காலம் ஒன்றுண்டு. 1984 அளவில் மாற்றம் ஏறக்குறைய முடிந்தது. 1979 முதல் 1986 வரை வந்த 720 வகை வண்டியில் இம்மாற்றத்தைக் கண்ணாற் காணலாம். முந்திய வண்டியின் பின்கதவில் டட்சன், பிந்தியதில் நிசான். எழுத்தின் வடிவு கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பதுபோல, பின்கதவு கொண்டு வண்டியின் ஆண்டினைக் கணிக்கின்றனர். 1983 ஜூன் 16ஆம் நாள் டென்னசி மாநிலத்து ஸ்மிர்னாவில் நிசானின் புதிய தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளிவந்தது. வெள்ளை நிற 720 பிக்கப் அது. வண்டி அமெரிக்க மண்ணில் அமெரிக்கர் கையால் செய்யப்பட்ட அந்நாளில், பழைய பெயர் விடைபெற்றுக்கொண்டிருந்தது.

ஒட்டெழுத்தின் கதை

இனி எழுத்து ஒட்டப்படும் பொருளைப் பற்றி. நம் ஊரில் வண்டிக்கு ‘ரேடியம் ஒட்டுதல்’ என்பார்களே, அப்பொருள்தான். உண்மையில் அதில் ரேடியம் ஏதுமில்லை. வினைல் என்னும் பிளாஸ்டிக் ஏடு அது.

பாலிவினைல் குளோரைடு என்னும் பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டதுதான். 1872இல் ஜெர்மானியர் ஆய்கன் பௌமன் அதனைக் குறித்துவைத்தார். ஆனால் அது கடினமாயும் எளிதில் நொறுங்குவதாயும் இருந்தமையால் எவர்க்கும் பயன்படவில்லை. 1926இல் ஒஹாயோவில் குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலர் வால்டோ செமன் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். இரப்பரை உலோகத்தோடு பிணைக்கும் பசையே அவர் தேடியது. பசை கிட்டவில்லை, மாறாக, வினைலை மென்மையாக்கும் வழி கிட்டியது. ஒட்டும்பொருள் தேடியவர்க்கு ஒட்டப்படும்பொருள் கிடைத்தது.

பசைப்பகுதியைத் தந்தவர் ஸ்டேன்டன் ஏவரி. கல்லூரியில் படித்த நாளில் கோழிக்கூண்டு ஒன்றை வாடகைக்கெடுத்து வாழ்ந்தவர் அவர். தாம் மணக்கவிருந்த பெண்ணிடம் 100 டாலர் கடன் பெற்று, சலவை இயந்திர மோட்டாரையும் தையல் இயந்திர உறுப்புகளையும் கூட்டி, 1935இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தானே ஒட்டிக்கொள்ளும் சீட்டுகளை வெட்டும் பொறியை அமைத்தார். அப்பெண்ணின் பெயர் டோரதி டர்ஃபி. அவரைக் குறிக்காமல் இக்கதையைச் சொல்வோர் பலர், ஆதலின் குறிக்கின்றேன்.

மூன்றாவது மனிதர் ஜோசப் கெர்பர். வியன்னாவில் 1924இல் பிறந்த யூதச் சிறுவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940இல் தாயோடு அமெரிக்கா வந்தவர். மாணவராயிருந்தபோது இரவு உடையின் இழுபட்டையை எடுத்து அளவுக்குறி வரைந்து, வேண்டியவாறு நீட்டிச் சுருக்கும் அளவுகோலாக்கினார் என்பர். அவர் நிறுவிய கெர்பர் நிறுவனம் 1983இல் கணிப்பொறியால் இயங்கி வினைல் எழுத்து வெட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை பலகையிலும் வண்டியிலும் தூரிகையால் எழுதிவந்த கைவினைஞர் பலர் சில ஆண்டுகளில் வேலையிழந்தனர். பத்தாண்டு பயின்று பெறும் கைத்திறத்தைக் கருவி ஒரு பிற்பகலில் தந்தது. தந்தது முற்றும் அதே எழுத்தா என்றால், நான் அல்ல என்பேன். கையெழுத்தில் ஒரே சொல்லில் வரும் இரண்டு ‘டி’யும் ஒன்றுபோல் இரா, வெட்டெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆயினும் இக்கருவி இல்லையேல் பழவண்டிக்குரியோர் பலர்க்கு இழந்த எழுத்தை மீட்கும் வழியே இருந்திராது. இரண்டும் உண்மை.

டட்சன் 620 போன்றவற்றின் எழுத்து தகட்டிலேயே அழுத்தப்பட்டது. அதனை எடுப்பாகக் காட்ட எழுத்தின் மேல் வெள்ளையோ வேறு நிறமோ ஏற்றுவர். 1980களுக்குப்பின் பல நிறுவனங்களின் வண்டிகளில் தகடு தட்டையாகி, பெயர் முழுவதும் ஒட்டெழுத்தாயிற்று. வெயிலே இதற்குப் பகை. புற ஊதாக் கதிர் வினைலைத் தாக்கும். மென்மை தரும் பொருள் மெல்ல வெளியேறும். ஏடு சுருங்கி, வெடித்து, விளிம்பு நிமிர்ந்து, செதில்செதிலாக உதிரும். உருளையில் அழுத்தி நீட்டிச் செய்த மலிவான ஏடு விரைவில் சுருங்கும், நீட்டப்பட்டதன் நினைவு அதற்குள் இருப்பதால். குழம்பாக வார்த்து உலர்த்திய ஏடு மெலிது. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே கனம். ஆயினும் சுருங்காமல் நெடுநாள் நிற்கும், விலையும் மிகும்.

உதிர்ந்தபின் அவ்விடத்தில் என்ன எஞ்சும்? இதுவே எனக்கு இப்பொருளில் மிகவும் பிடித்த பகுதி. எழுத்து மூடியிருந்த இடத்தில் வெயில் படாமையால் பழைய வண்ணம் புதிதாகவே இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். எழுத்து போனபின் எழுத்தின் நிழல் நிற்கும். அந்நாட்டார் இதனைப் பேயைக் குறிக்கும் சொல்லால் வழங்குவர். எழுத்தை மீட்க முயல்வோர்க்கு அந்தப் பேயே முதற்சான்று. ஒளிபுகும் தாளை அதன்மேல் விரித்து ஓரங்களை வரைந்து எடுத்துக்கொள்வர். அழுத்தெழுத்தாயின் தாளை ஒட்டவைத்து எழுதுகோலின் பக்கவாட்டால் தேய்க்க, மேடுபள்ளம் கருமையும் வெண்மையுமாகத் தாளில் எழும். கல்வெட்டுத் துறையினர் நனைத்த தாளைக் கல்லில் அறைந்து மையொற்றி மைப்படி எடுப்பதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு சிறிதே.

மைப்படி எடுக்கச் சோம்புவோர் கணிப்பொறியில் உள்ள ஆயத்த எழுத்துருக்களுள் ஏறத்தாழ ஒத்த ஒன்றைத் தேர்ந்து வெட்டிவிடுவர். இங்கேதான் தவறு புகுகிறது. பின்கதவெழுத்து ஆயத்த எழுத்துருவினின்று எடுத்ததன்று. அச்சு செய்த வரைவாளர் அந்தத் தகட்டின் அகலத்திற்கென்று தனியே வரைந்தது. எஸ் என்னும் எழுத்தின் வளைவு சிறிது தடித்தாலும் பழகிய கண் அறிந்துவிடும். சுவடியில் சிதைந்த சொல்லுக்குப் பதிப்பாசிரியர் தம் கருத்திற்கேற்ற சொல்லைப் பெய்து, அதனை மூலபாடமாகவே அச்சிட்டுவிடுவது போன்ற செயல் இது. நிழலும் தடமும் நிற்கும்போது ஊகம் எதற்கு?

வெட்டிய ஏட்டிலிருந்து வேண்டாத பகுதியை ஊசியால் பெயர்த்தெடுக்கும் வேலையை அத்தொழிலோர் களையெடுத்தல் என்பர். உழவுச் சொல் கடைத்தெருவுக்கு வந்திருக்கிறது. பின்னர், எழுத்துகளின் இடைவெளி கலையாதிருக்க மேலே ஒரு தாள்நாடாவை ஒட்டி அனைத்தையும் ஒன்றாக எடுப்பர். ஏயும் டியும் அடுத்தடுத்து வருமிடத்தில் அளவுகோலின்படி சம இடைவெளி விட்டால் கண்ணுக்கு அகன்று தோன்றும், சிறிது நெருக்கவேண்டும். யாப்பில் சீர் எண்ணுவது வேறு, செவிக்கு இசைவது வேறு என்பதை அறிந்த இம்மன்றத்தார்க்கு இதனை விரிக்க வேண்டியதில்லை. பள்ளத்தில் பதியும் எழுத்தாயின், பள்ளத்தினும் ஒரு நூலளவு சிறிதாகவே வெட்டுவர். விளிம்பு சரிவில் ஏறினால் நிமிர்ந்துவிடும். தகட்டில் மெழுகோ எண்ணெயோ இருத்தல் கூடாது. புதிதாக வண்ணம் பூசிய தகடாயின் ஆவி வெளியேறச் சில வாரம் காத்திருத்தல் வேண்டும்; இன்றேல் எழுத்தின் கீழ்க் கொப்புளம் எழும். சோப்பு நீர் தெளித்து, எழுத்தை அதன்மேல் மிதக்கவிட்டு, இடம் சரிபார்த்து, நடுவிலிருந்து ஓரத்திற்கு நீரைத் தள்ளி, நாடாவை மடக்கி மெல்ல உரிப்பர்.

இவ்வளவும் செய்து மீட்கும் பெயர் எவருடையது என்னும் வினா எழாமலில்லை. பெயர்கள் வணிகக்குறிகள், ஃபோர்டும் செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸும் பழவண்டி உறுப்புகள் செய்வோர்க்கு உரிமம் வழங்குகின்றன. வண்டியை விற்று ஐம்பதாண்டு ஆனபின்னும் அதன் பின்கதவில் உள்ள எழுத்து விற்றவர்க்கே உரியது. வாங்கியவர்க்கு உரியது தகடு மட்டும் போலும். நிசான் என்று பதித்து வந்த 720 வண்டியில் டட்சன் என மாற்றிக்கொள்வோரும் உண்டு. ஆண்டினை அறிய உதவும் சான்றினை அழிப்பதாக வரலாற்று நோக்கில் இது குற்றமே. ஆனால் அவர்கள் பிறர் சூட்டிய பெயரை ஏலாது, தாம் அழைத்துப் பழகிய பெயரால் வண்டியை அழைக்கின்றனர். நான் அவர்களோடு வழக்காடமாட்டேன்.

எழுத்தைக் குறைத்து விளையாடுவோர் மற்றொரு சாரார். டொயோட்டா என்பதும் ஆங்கிலத்தில் ஆறெழுத்தே. முதலிரண்டையும் கடையிரண்டையும் வண்டியின் நிறத்தாலேயே மறைத்து நடுவிரண்டை மட்டும் விட்டால், ‘யோ’ என்னும் இளைஞர் விளி எஞ்சும். முதல் மூன்றை மட்டும் விட்டால் பொம்மை என்னும் பொருள்தரும் சொல் எஞ்சும். தண்டியலங்காரம் சித்திரகவிகளுள் ஒன்றாகக் கூறும் அக்கரச்சுதகம் இதுவே: ஒரு சொல்லினின்று எழுத்தைக் குறைக்கக் குறைக்கப் புதுப்புதுப் பொருள் பிறப்பது. அலங்கார நூல் அறியாத கலிபோர்னிய இளைஞர் அதனைத் தகரத்தில் பாடிவிட்டனர்.

டட்சன் என்னும் பெயர்க்கு இன்னும் ஒரு பிறவி இருந்தது. அது நம் மண்ணில் நிகழ்ந்தது. 2012இல் நிசான் அப்பெயரை மீண்டும் உயிர்ப்பிப்பதாக அறிவித்தது. 2013 ஜூலையில் புதுதில்லியில் ‘டட்சன் கோ’ என்னும் மகிழுந்து காட்டப்பெற்றது. 2014 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அதனைச் செய்த ஆலை சென்னையை அடுத்த ஒரகடத்தில் இருப்பது. முப்பதாண்டுக்கு முன் அமெரிக்கப் பின்கதவிலிருந்து நீங்கிய ஆறெழுத்து, காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே நம் தொழிலாளர் கையால், புதிய சின்னத்தின் நடுப்பட்டையில் மறுபடி ஏறிற்று. மலிவு வண்டி என்னும் பெயரே அதற்குத் தடையாயிற்று. எதிர்பார்த்த விற்பனை இல்லை. 2022 ஏப்ரலில் ஒரகடத்தில் அதன் உற்பத்தி முடிவுற்றதாக நிறுவனம் அறிவித்தது. அங்கே செய்த வண்டிகள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. சிலவற்றில் சின்னத்தின் பூச்சு மங்கத் தொடங்கிவிட்டது.